மழைக்காலத்தில் டி.வி. தெரியவில்லையா? டிஷ் சிக்னல் கோளாறுகளும் தீர்வுகளும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கீழ்வேளூர் வட்டார விவசாயிகள் முதலில் பார்ப்பது வானிலைச் செய்தியைத்தான். சம்பா, தாளடிப் பயிருக்கு மேலுரம் இடலாமா, வடிகாலை முன்கூட்டியே வெட்டிவிட வேண்டுமா, களத்தில் கிடக்கும் குறுவை நெல்லை மூட வேண்டுமா என்பதெல்லாம் அந்தச் செய்தியைப் பொறுத்தது. யூரியா இட்ட மறுநாளே கனமழை பெய்தால் உரம் தண்ணீரோடு போய்விடும். ஆனால் வானம் கறுக்கும் அந்த நேரத்தில்தான் டி.வி. திரையில் 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. இதில் பாதிக் கோளாறுகளை மெக்கானிக் இல்லாமலே கண்டறியலாம்.

மழையில் ஏன் சிக்னல் போகிறது?

வீட்டு டிஷ்கள் 'கே.யு. பேண்ட்' அலைகளைப் பிடிக்கின்றன. இவற்றின் அலைநீளம் சுமார் 2.5 செ.மீ. மட்டுமே. பெரிய மழைத்துளிகள் இந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் பலவீனமாக்குகின்றன. கேபிள் டி.வி. நிலையங்களில் உள்ள பெரிய டிஷ்கள் பெரும்பாலும் 'சி பேண்ட்' அலைகளைப் பிடிப்பவை. அவற்றின் அலைநீளம் சுமார் 7.5 செ.மீ. என்பதால் மழையால் பாதிப்பு குறைவு.

வரப்பு உயரமாக இருந்தால் ஒரு மழைக்கு வயல் வழியாது. தண்ணீர் ஏற்கெனவே வரப்பு விளிம்பைத் தொட்டு நின்றால் சிறு தூறலுக்கே வழியும். சிக்னலும் அப்படித்தான். டிஷ் சரியான கோணத்தில் இருந்தால் சாதாரண மழையைத் தாங்கும். கோணம் சற்று விலகியிருந்தாலும் வெயில் நாளில் படம் நன்றாகவே தெரியும்; மழை வந்ததும் போய்விடும். பழைய ஆன்டெனாவில் படம் மெல்ல மெல்லப் புள்ளியடித்து மங்கும். டிஜிட்டலில் படம் கட்டம் கட்டமாக உடைந்து உடனே நின்றுவிடும்.

கொட்டும் மழையில் மட்டும் 10, 15 நிமிடம் போய்த் திரும்பினால் அது கோளாறு அல்ல, காத்திருங்கள். தூறலுக்கே போனால் டிஷ்ஷைச் சரிபார்க்க வேண்டும்.

முதலில் இரண்டு அளவுகளைப் பாருங்கள்

ரிமோட்டில் மெனுவை அழுத்தி, சிக்னல் பார்க்கும் பகுதிக்குச் செல்லுங்கள். 'ஸ்ட்ரென்த்', 'குவாலிட்டி' என இரண்டு கோடுகள் இருக்கும்.

1. இரண்டுமே பூஜ்யம்: ஒயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம் அல்லது எல்.என்.பி. பழுதாகியிருக்கலாம்.

2. ஸ்ட்ரென்த் இருக்கிறது, குவாலிட்டி இல்லை: ஒயரும் எல்.என்.பி.யும் பெரும்பாலும் வேலை செய்கின்றன. டிஷ் திசை மாறியிருக்கிறது அல்லது எதிரே ஏதோ மறைக்கிறது.

3. சில சேனல்கள் மட்டும் இல்லை: முதலில் ரீசார்ஜைச் சரிபாருங்கள். டி.டி. ஃப்ரீ டிஷ் என்றால் மாதக் கட்டணம் கிடையாது. சேனல்களை மறுபடி 'ஸ்கேன்' செய்தால் போதும். அதிலும் வராவிட்டால் எல்.என்.பி. தன் பிடியில் சற்றுத் திரும்பியிருக்கலாம்.

4. இரண்டும் நன்றாக இருந்தும் படம் இல்லை: டி.வி.க்கும் பாக்ஸுக்கும் இடையிலான ஒயரையும், டி.வி.யில் 'சோர்ஸ்' தேர்வையும் பாருங்கள். பாக்ஸை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

நம் பகுதியில் அடிக்கடி வரும் கோளாறுகள்

கீழ்வேளூருக்குக் கடல் தொலைவில் இல்லை. உப்புக் காற்றில் கனெக்டரும் டிஷ் நட்டுகளும் விரைவில் துருப்பிடிக்கும். பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எல்.என்.பி. பக்கக் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் உள்ள செப்புக் கம்பி பச்சை அல்லது கறுப்பாக மாறியிருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட வேண்டும். ஒயருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் ஒயரையே மாற்றுவது நல்லது. கனெக்டருக்குக் கீழே ஒயரைச் சிறு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். எல்.என்.பி. முகப்பில் குளவிக் கூடு, மாடியில் எலி கடித்த ஒயர் ஆகியவையும் வழக்கமான காரணங்களே.

டிஷ் எங்கே பார்க்க வேண்டும்?

டி.டி. ஃப்ரீ டிஷ் சேவை 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. கீழ்வேளூரிலிருந்து அது தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக சுமார் 127 டிகிரி திசையில், தரையிலிருந்து சுமார் 70 டிகிரி உயரத்தில் இருக்கிறது. டாடா ப்ளே பயன்படுத்தும் 83 டிகிரி செயற்கைக்கோள்கள் என்றால் திசை சுமார் 163, உயரம் சுமார் 77 டிகிரி.

டிஷ்ஷின் முகம் பார்க்கும் இடத்தைவிட உயரத்திலிருந்தே சிக்னல் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். எனவே தூரத்துத் தென்னந்தோப்பு மறைக்காது. 70 டிகிரி கணக்கில், டிஷ்ஷைவிட 50 அடி உயர்ந்த தென்னை 18 அடிக்குள் வந்தால்தான் மறைக்கும். அதோடு மட்டையின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஷ் வைத்தபோது கன்றாக இருந்த மரம் இன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

கோணத்தைத் திருத்தும்போது ஒருவர் டி.வி. முன்பு குவாலிட்டி அளவைச் சொல்ல, மற்றவர் டிஷ்ஷை நூலளவாக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் சில விநாடி காத்திருங்கள். தொடங்கும் முன் பழைய நிலையைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். 'படம் வந்துவிட்டது' என்று நிறுத்தாமல் குவாலிட்டி உச்சத்துக்கு வரும்வரை திருத்துங்கள். மழையைத் தாங்குவது அந்த மிச்ச அளவுதான்.

கோளாறு உங்கள் வீட்டில் இல்லாத நேரம்

மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போது சிக்னல் சில நிமிடங்கள் தடைபடும். ஜிசாட்-15 டிஷ்களுக்கு நம் பகுதியில் இது காலை 11 மணியை ஒட்டி நடக்கும். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின் அமைப்பு பழுதானதால் அதில் இயங்கிய சன் டைரக்ட் சேவை தடைபட்டது. எனவே டிஷ்ஷைத் தொடும் முன் பக்கத்து வீட்டில் தெரிகிறதா என்று கேளுங்கள்.

உயிருக்கு முதலிடம்

மழையிலோ இடியிலோ ஓட்டின் மீதும் மாடியிலும் ஏற வேண்டாம். மின்கம்பிக்கு அருகில் டிஷ் கம்பத்தைத் தூக்க வேண்டாம். இடி தொடங்கும் முன்பே மின் பிளக்கையும் பாக்ஸில் செருகிய டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள். இந்த வேலைகளைச் செப்டம்பரில், வெயில் நாளிலேயே முடித்து, நட்டுகளை இறுக்கிக் கிரீஸ் தடவுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லாவிட்டால் எந்த டிஷ்ஷும் பயன்படாது. எனவே பேட்டரி ரேடியோ ஒன்றைத் தயாராக வைத்துக் காரைக்கால் வானொலியைக் கேளுங்கள். கைப்பேசியில் 'மேகதூத்' செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். பேரிடர் உதவிக்கு மாவட்ட எண் 1077, மாநில எண் 1070. பயிர் சந்தேகங்களுக்குக் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551. இந்த எண்களை டி.வி. அருகிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.