பாசியினின்றும் எரிபொருள்: ஒரு முயற்சியின் வரலாறு

மசகெண்ணெயின் பெரும்பகுதி பண்டைக் கடல்களில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களினின்றும் தோன்றியது. இயற்கை பல கோடி ஆண்டுகளிற் செய்த இதனை மனிதன் சில வாரங்களிற் செய்தல் கூடுமோ என்னும் வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு.

ஒல்லாந்து அறிஞர் பைஜரிங்க் 1890 இல் குளோரெல்லா என்னும் பாசியைத் தனியே பிரித்து வளர்த்தார். 1942 இல், போர்க்காலத்தில், ஜேர்மானிய அறிஞர்கள் தயற்றம் என்னும் நுண்பாசியினின்றும் கொழுப்புப் பெறலாமென எடுத்துரைத்தனர். எனினும், 1973 ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின் பின்னரே இஃது அரசுகளின் கருத்தை ஈர்த்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1978 இல் 'நீர்வாழ் இனத் திட்டம்' ஒன்றைத் தொடங்கின. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாசி வகைகள் திரட்டப்பட்டு, அவற்றுள் ஏறக்குறைய முந்நூறு தெரிந்தெடுக்கப்பட்டன.

நைதரசன் ஊட்டம் குன்றிய பாசி தன் கலத்துள் எண்ணெயைச் சேமிக்கின்றது என்பதைக் கண்டு அறிஞர் மகிழ்ந்தனர். ஆனால், பட்டினி கிடக்கும் பாசி பெருகுவதில்லை. ஒரு கலத்தில் எண்ணெயின் வீதம் உயர, குளத்தின் மொத்த விளைவோ குறைந்தது. நியூ மெக்சிக்கோவின் ரொஸ்வெல் நகரில் ஆயிரம் சதுர மீற்றர்ப் பரப்புள்ள ஆழமற்ற குளங்கள் அமைக்கப்பட்டு, துடுப்புச் சக்கரங்களால் நீர் சுழற்றப்பட்டது, காபனீரொட்சைட்டும் செலுத்தப்பட்டது. சில நாட்களில் சதுர மீற்றருக்கு 50 கிராம் வரை பாசி விளைந்ததெனினும், குளிர் அவ்விளைவை நிலைக்கவிடவில்லை. ஆய்வுகூடத்திற் சிறந்து விளங்கிய வகைகள் திறந்த குளத்தில் அவ்விடத்துப் பாசிகளுக்குத் தோற்றன.

அறுவடையும் எளிதன்று. ஒரு லீற்றர்க் குளத்துநீரிற் பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைந்த பாசியே உண்டு. அதனைத் திரளச் செய்து படியவிடல் வேண்டும். அல்லது மையநீக்கப் பொறியாற் பிரித்தல் வேண்டும். பின்னரே எண்ணெயைப் பிரித்து, மெதனோலுடன் தாக்கமுறச் செய்து, உயிர்டீசலாக்கலாம். நீரை அகற்றும் செலவே பெருஞ்சுமையாயிற்று.

மசகெண்ணெய் மலிந்திருந்த காலத்தில், 1996 இல், இத்திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குச் செலவான தொகை ஏறக்குறைய 250 இலட்சம் டொலர். திரட்டிய வகைகள் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தை அடைந்தன. ஆயினும், தொடர்ந்து பேணப்படாமையால் அவற்றுட் பல அழிந்தன. 2008 இல் எண்ணெய் விலை உச்சமடைந்தபோது ஆராய்ச்சி புத்துயிர் பெற்றது. அழிந்த வகைகளோ மீளவில்லை.

ஏட்டில் எழுதிய முடிவு எத்தனை ஆண்டும் காத்திருக்கும். குடுவையில் வாழும் உயிர் காத்திராது. சந்தை விலையை நோக்கி ஆராய்ச்சியைத் திறந்தும் மூடியும் வருவோர் இவ்வரலாற்றினின்றும் கற்க வேண்டியது இதுவேயாகும்.