சுமையை இறக்குவது யார்?
திருத்தணி மாணவரும் ஸ்காட்லாந்து ஆசிரியரும்

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி, முருகன் கோயிலால் அறியப்பட்ட ஊர். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் என்று சொல்லப்படும் அம்மலையில், ஆடிக் கிருத்திகையன்று தோளில் காவடி சுமந்தோர் திரளாக ஏறுகின்றனர். வட ஆர்க்காட்டில் இருந்து 1911இல் சித்தூர் மாவட்டத்துக்கும், 1953இல் ஆந்திர மாநிலத்துக்கும் போன இவ்வூர், எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இவ்வூரில் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த அவருடைய வாழ்வில் நாம் இங்கே எடுத்துக்கொள்வது அரசியலை அன்று. கிறித்தவ சமயத்தின் இதயமான மீட்புக் கோட்பாட்டோடு அவர் இளமையில் நடத்திய வழக்கையே எடுத்துக்கொள்கிறோம். அவ்வழக்கில் எதிர்த்தரப்பில் இருந்தவர் அவருடைய சொந்த ஆசிரியர். இருவருமே அறியாமல், இஸ்லாமியருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

திருத்தணியில் தொடக்கக் கல்வி பெற்ற ராதாகிருஷ்ணன், 1896 முதல் திருப்பதியில் ஜெர்மானிய லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். அடுத்து வேலூரில் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் நடத்திய ஊரிஸ் கல்லூரி. 1904 முதல் ஸ்காட்லாந்து மிஷனரிகளின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. வைதீக பிராமணக் குடும்பத்துச் சிறுவர் ஒருவர் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், சீர்திருத்தக் கிறித்தவத்தின் மூன்று கிளைகளிடம் அடுத்தடுத்துப் பாடம் கேட்டிருக்கிறார். விவிலியம் அவருக்கு அயல் நூலாக இருந்திருக்க இயலாது. மிஷனரிகளின் விமர்சனம் தம் நம்பிக்கையைப் புண்படுத்தியதென்றும், அப்புண்ணே தம்மை இந்து தத்துவ ஆராய்ச்சிக்குத் தூண்டியதென்றும் அவரே பிற்காலத்தில் தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

அவ்வகுப்பறைகளில் கற்பிக்கப்பட்ட மீட்பு என்பது யாது? சொல்லிலிருந்தே தொடங்குவோம். தமிழில் 'மீட்டல்' பழைய சொல். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தைத் திணை. அடகு வைத்த நகையை மீட்பது அன்றாட வழக்கு. நமக்குரியது பிறர் கைக்குப் போய், முயற்சியாலோ விலையாலோ திரும்புகிறது என்பதே அதன் பொருள். விவிலியத்தின் கிரேக்க மூலச் சொல்லும் இத்தகையதே. உரோமப் பேரரசில் போர்க்கைதியையும் அடிமையையும் விலை கொடுத்து விடுவிக்கும் செயலுக்கு வழங்கிய சொல் அது. புனித பவுல் அதனை ஆன்மிகத்துக்கு எடுத்தாண்டார். மனிதன் பாவம் செய்கிறான் என்பதோடு அவர் நிற்கவில்லை; பாவத்துக்கு அவன் அடிமைப்பட்டிருக்கிறான் என்றார். அடிமை தன்னைத் தானே விலைக்கு வாங்கிக்கொள்ள இயலாது; விலை பிறிதோர் இடத்திலிருந்துதான் வரவேண்டும். சிலுவை மரணமே அவ்விலை என்பது கிறித்தவ நம்பிக்கை. பழைய தமிழ் விவிலியத்தில் 'இரட்சிப்பு', 'பாவநிவிர்த்தி' முதலிய வடசொற்கள் மிகுதி. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பில் 'மீட்பு' முதன்மை பெற்றது. தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இவ்விடத்தில் 'ஈடேற்றம்' என்கிறோம். அச்சொல்லில் விலையும் இல்லை, வாங்குவோரும் இல்லை. இரு சமயங்களின் வேறுபாட்டில் ஒரு பகுதி இச்சொல் தேர்விலேயே அடங்கியுள்ளது.

விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? இக்கேள்வி கிறித்தவ இறையியலாளரை நூற்றாண்டுகளாக அலைக்கழித்தது. மனிதனைச் சிறைப்பிடித்த சைத்தானுக்கே என்று தொடக்கக் காலத்தவர் சிலர் கூறினர். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம் அதை மறுத்து, இறைவனின் மாண்புக்கு மனிதன் பட்ட கடனே தீர்க்கப்பட்டது என்றார். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் கடன்மன்றத்தைக் குற்றமன்றமாக மாற்றினர்: தண்டனை ஒன்று உண்டு, அதைக் குற்றமற்றவர் ஏற்றுக்கொண்டார், குற்றவாளி விடுதலையானார். தமிழகத்துக்கு வந்த மிஷனரிகளின் பிரசங்கத்தில் பெரிதும் ஒலித்தது இக்கடைசி விளக்கமே.

ஆயினும் தமிழ்க் கிறித்தவ உள்ளம் இதனை நீதிமன்றக் கணக்காக மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. நெல்லைச் சீமையில் வைணவராகப் பிறந்து 1858இல் கிறித்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, பனியனின் ஆங்கில நூலைத் தழுவி 1894இல் 'இரட்சணிய யாத்திரிக'த்தை வெளியிட்டார். பனியனின் கதையில் பயணி முதுகில் பாரத்தோடு நடக்கிறான். சிலுவையின் அருகே அப்பாரம் தானாகக் கழன்று விழுகிறது. அவன் அதை இறக்கவில்லை, இறக்கவும் இயலவில்லை. தத்துவ நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. தன் நேர்ச்சையைத் தானே தோளில் தூக்கிப் படியேறும் காவடிக்காரரைக் கண்டு வளர்ந்த சிறுவருக்கு இக்காட்சி எவ்வாறு தோன்றியிருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம்.

சென்னையில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். எகிப்தில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரியின் மகனாக 1875இல் அந்நாட்டிலேயே பிறந்த இவர், 1903இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குத் தத்துவம் கற்பிக்க வந்தார். வந்த சில ஆண்டுகளில், கல்லூரியின் இதழில் கன்மத்தையும் மீட்பையும் ஒப்பிட்டுத் தொடர் கட்டுரை எழுதினார். அது 1909இல் 'கர்மமும் மீட்பும்' என்ற பொருள்படும் பெயரில் ஆங்கில நூலாயிற்று. இந்து சமயத்துக்கு விளக்கமும் கிறித்தவத்துக்கு மறுகூற்றும் என்று அதன் துணைத்தலைப்பு இரண்டு பணிகளை அறிவிக்கிறது. அந்த இரண்டாம் பணியே நம் கவனத்துக்குரியது. மாற்றுச் சமயத்தை ஆராயப் புகுந்தவர், தம் சமயத்தையும் திருத்திச் சொல்ல வேண்டும் என்று உணர்ந்திருக்கிறார். மிஷனரி இலக்கியத்தில் இது அரிது. நம் தரப்பு மறுப்பு இலக்கியத்திலும் அரிதே.

கன்மக் கோட்பாட்டை ஹாக் இழித்துரைக்கவில்லை. செய்த வினைக்குச் செய்தவனே பயன் நுகர வேண்டும் என்ற அதன் நீதி வேட்கையை மதித்தார். அத்துடன் அவர் கண்டது ஒன்று: வினைக்கேற்ற பயனை அளந்து தரும் உலகம் ஒரு நீதிமன்றம், சிலுவையைத் தண்டனைத் தீர்வாகச் சொல்லும் பழைய கிறித்தவ விளக்கமும் நீதிமன்றமே. இரண்டும் ஒரே தரையில் நிற்கின்றன. அத்தரையில் வழக்காடினால் கன்மமே வெல்லும். குற்றமற்றவரைத் தண்டித்துக் குற்றவாளியை விடுவிப்பது எந்த மன்றத்திலும் நீதியாகாது. ஆகவே உலகத்தை நீதிமன்றமாகக் காண்பதையே ஹாக் கைவிட்டார். அவர் கண்ட உலகம் அறவுலகம். அதில் மனிதர் ஒருவரோடு ஒருவர் பிணைக்கப்பட்டுள்ளனர். நாம் இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மகன் திருடினான்; தாய் வெட்கத்தால் வெந்தாள். அவள் துன்பம் எந்தக் கணக்கிலும் அவளுக்குரியதன்று. ஆனால் அத்துன்பத்தைக் கண்ட மகனுக்குத் தன் செயல் இன்னதென்று முதன்முறையாகப் புலப்படுகிறது. மன்னிப்பு பாவத்தை அற்பமாக்காமல் அதன் கொடுமையைக் காட்டியவாறே வழங்கப்படும் இடம் அது. மீட்பு என்பது தண்டனைப் பரிமாற்றமன்று, இத்தகைய ஒன்று என்பதே ஹாக் செல்லும் வழி.

மாணவர் இதற்கு உடன்படவில்லை. முதுகலைப் பட்டத்துக்காக அவர் எழுதி 1908இல் நூலாக வெளிவந்த ஆய்வேடு வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியது. உலகம் மாயை என்போரிடம் அறத்துக்கு இடமில்லை, கன்மத்தை நம்புவோரிடம் சுதந்திரத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுகளுக்கு அவர் விடையிறுத்தார். அவ்வேட்டின் தரத்தைப் பாராட்டி நற்சான்று அளித்தவர் ஹாக்கே. தம் சமயத்துக்கு எதிராக எழுதிய இருபது வயது இளைஞரை அவ்வாறு மதிப்பிட்ட ஆசிரியரின் நேர்மையைக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. பின்னர் 1926இல் ஆக்ஸ்போர்டு உரைகளில் ராதாகிருஷ்ணன் கன்மத்தைச் சீட்டாட்டத்துக்கு ஒப்பிட்டார்: கைக்கு வந்த சீட்டு நம் தேர்வன்று, ஆடும் ஆட்டம் நம்முடையது. மனிதன் அடிமையல்லன், ஆகவே அவனை வெளியிலிருந்து எவரும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை என்பது இதன் உட்கிடை.

இவ்விவாதம் நடந்த நாட்டில் முஸ்லிம்களும் கிறித்தவ மிஷனரிகளோடு வாதிட்டே வந்தனர். 1854 ஏப்ரலில் ஆக்ராவில் மௌலானா ரஹ்மதுல்லாஹ் கைரானவியும் பாதிரியார் ஃபாண்டரும் நடத்திய விவாதம் புகழ்பெற்றது. அதற்கென வகுக்கப்பட்ட தலைப்புகள் ஐந்து: முன்வேதங்கள் மாற்றப்படுதல், அவற்றில் திரிபு, திரித்துவம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தூதுத்துவம், திருக்குர்ஆன். இரண்டு நாட்களில் முதல் இரண்டோடு விவாதம் முடிந்தது. பாவமும் மீட்பும் அப்பட்டியலில் தனித்தலைப்பாகக்கூட இல்லை. வேதப்பிரதிகளைப் பற்றிய வாதத்தில் நம் முன்னோர் காட்டிய வன்மையை, மனித உள்ளத்தின் சுமை பற்றிய இக்கேள்வியில் நாம் காட்டவில்லை என்றே எண்ணுகிறோம். இதன் விளைவாக நம் மேடைகளில் ஓர் எளிய கேலி தங்கிவிட்டது: கிறித்தவருக்குப் பாவம் செய்ய உரிமச்சீட்டு கிடைத்துவிட்டதாம். பவுலே இக்கேள்வியை எழுப்பி உரோமையர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் மறுத்திருக்கிறார். லுத்தர் 1520இல் எழுதிய கிறித்தவ சுதந்திரம் பற்றிய சிறுநூலும், பாவத்திலிருந்து விடுதலை பெற்றவன் அயலாருக்கு ஊழியனாகிறான் என்றே வாதிடுகிறது. அவர்கள் பக்கத்திலும் இதற்கிணையான கேலி உண்டு: முஸ்லிம்களுக்குப் பாவம் என்பது எளிதில் துடைக்கும் தூசியாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா'வைத் திறந்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். அந்நூலின் நான்காம் பகுதிக்கு 'முன்ஜியாத்' என்று பெயர். ஈடேற்றம் அளிப்பவை என்பது பொருள். அதன் முதல் அத்தியாயம் தௌபா. பாவத்தின் கேட்டை அறிதல், அவ்வறிவால் உள்ளம் வேதல், அவ்வேதனையால் செயல் மாறுதல் என மூன்றும் சேர்ந்ததே தௌபா என்கிறார் இமாம். பிறர் உரிமையைப் பறித்த பாவமாயின், பறித்ததைத் திருப்பித் தராமல் அது முற்றுப்பெறாது. ஆதம் (அலை) அவர்களின் பிழை, அவர்களின் தௌபா ஏற்கப்பட்டதோடு (2:37) முடிந்துபோனது. சந்ததிக்கு மரபுச் சொத்தாக இறங்கவில்லை. ஒருவரின் பாவம் வேறொருவர் தோளுக்கு மாற்றப்படாது என்னும் நெறி திருக்குர்ஆனில் ஐந்து இடங்களில் (6:164, 17:15, 35:18, 39:7, 53:38) வருகிறது.

இவ்வளவில் நாம் கன்மவாதியின் பக்கம் நிற்பதுபோல் தோன்றும். அப்படியன்று. கன்மம் மன்னிப்பதில்லை, அல்லாஹ் மன்னிப்பவன். மேலும் பிறரை வழிகெடுத்தோர் தம் சுமையோடு கூடுதல் சுமைகளையும் சுமப்பர் (29:13) என்னும்போது, மனிதர் தனித்தனித் தீவுகளல்லர் என்பதும் தெளிவாகிறது. இவற்றினும் ஆழமான ஒப்புமை அடிமை விடுதலையில் உள்ளது. கிறித்தவம் பாவியை விடுவிக்கப்படும் அடிமையாகக் கண்டது. இஸ்லாம் தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் (4:92), முறித்த சத்தியத்துக்கும் (5:89), மனைவியைத் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கிய ளிஹாருக்கும் (58:3) பரிகாரங்களுள் ஒன்றாக ஓர் அடிமையை விடுதலை செய்யுமாறு பாவியிடமே சொன்னது. அங்கே விலை பாவிக்காகக் கொடுக்கப்படுகிறது; இங்கே பாவி பிறருக்காக விலை கொடுக்கிறான். விடுதலை என்ற ஒரே உருவகம் ஓரிடத்தில் உள்ளத்தை நோக்கியும் மற்றோரிடத்தில் சந்தையில் நிற்கும் மனிதனை நோக்கியும் திரும்பியது. ஹாக் எகிப்தில் பிறந்தும் இத்திசையில் பார்வையைச் செலுத்தவில்லை. கன்மமே அவருடைய முழுக் கவனத்தையும் பெற்றது.

1938 டிசம்பரில், ஹாக் முதல்வராக இருந்த காலத்தில் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த அக்கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சாவகத்தில் பணியாற்றியவரும் இஸ்லாத்தை ஆராய்ந்தவருமான டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர், கிறித்தவ வெளிப்பாட்டுக்கும் ஏனைய சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று மாநாட்டுக்கென எழுதிய நூலில் வாதிட்டிருந்தார். முதியவர் ஹாக் அதை எதிர்த்தார். பிற சமயத்தாரிடத்தும் இறைவனோடு மெய்யான உறவும் நம்பிக்கையும் உண்டென்பதைத் தாம் கண்டதாக அவர் எழுதினார். கிறித்துவின் தனித்தன்மையை அவர் விட்டுக்கொடுத்தாரில்லை.

திருத்தணி மாணவரோ 1932இல் வெளிவந்த தம் நூலொன்றில் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். உலகனைத்தும் விடுதலை பெறும்வரை எந்த ஓர் ஆன்மாவின் விடுதலையும் நிறைவடையாது என்றார். அவரவர் கணக்கை அவரவரே தீர்க்கும் கன்மத்திலிருந்து இம்முடிவு நேராகப் பிறக்காது. மனிதர் ஒருவரோடு ஒருவர் பிணைக்கப்பட்டவர் என்று சென்னை வகுப்பறையில் கேட்ட குரல் இதில் கலந்திருக்கிறது என்பது நம் யூகம். மகாயான பௌத்தத்தின் போதிசத்துவக் கருத்தையே இதன் ஊற்றாகக் காட்டுவோரும் இருக்கலாம், அதையும் தள்ளுவதற்கில்லை. தம்முடைய சுமையை வேறெவரும் இறக்க வேண்டியதில்லை என்று இருபது வயதில் வாதிட்டவர், நாற்பதைக் கடந்தபின், மற்றவர் சுமை இறங்காதவரை தம் சுமையும் இறங்காது என்று எழுதியிருக்கிறார்.