பாதி வலிமையும் முழு ஓட்டமும்: மிகையுழைப்பால் வரும் வாந்திக்கு ஒரு சொல் வரலாறு

2024 ஆகஸ்ட் 22 அன்று ஜார்க்கண்டில் கலால் காவலர் பணிக்கான உடற்திறன் தேர்வு தொடங்கியது. ஆண்கள் 60 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் ஓடி முடிக்க வேண்டும் என்பது விதி. ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர். செப்டம்பர் தொடக்கத்தில் மாநில அரசு தேர்வை மூன்று நாள் நிறுத்திவைத்தது. காலை 9 மணிக்குப் பிறகு எவரையும் ஓடவிடக் கூடாது என்று முதலமைச்சர் அறிவுறுத்தினார்.

ஒவ்வோர் இறப்புக்கும் எது காரணம் என்று தீர்ப்புச் சொல்வது மருத்துவர்களின் பணி. சொல் வரலாறு படிக்கும் மாணவரின் பணி அன்று. ஆயினும் அந்தச் செய்திகளைப் படித்தபோது பழைய பட்டியல் ஒன்று நினைவுக்கு வந்தது. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் ஏழாம் அதிகாரத்தில் அளவு மீறிய உடற்பயிற்சியால் விளையும் கேடுகள் ஒன்பது என எண்ணப்படுகின்றன: அயர்வு, சோர்வு, உடல்தேய்வு, தாகம், இரத்தக் கசிவு, மூச்சுத்திணறல், இருமல், காய்ச்சல், இறுதியாக வாந்தி. சில நூற்றாண்டுகள் கழித்து வாக்படர் தம் அஷ்டாங்க ஹிருதயத்தில் இதே ஒன்பதையும் வரிசை மாற்றித் தருகிறார். அங்கும் வாந்தியே கடைசி.

இந்தப் பட்டியல் சரகத்தில் எங்கே இடம்பெறுகிறது என்பது கவனிக்கத்தக்கது. அந்த அதிகாரத்தின் பொருளே, அடக்கக் கூடாத உடல் வேகங்கள். மலம், சிறுநீர், தும்மல், கொட்டாவி, பசி, உறக்கம் எனப் பதின்மூன்று வேகங்களை அது சொல்கிறது. வாந்தி அவற்றுள் ஒன்று. தாகம் ஒன்று. உழைப்பால் எழும் மூச்சிரைப்பும் ஒன்று. கடும் உழைப்பின்போது உடலில் தோன்றும் மூன்று குறிகளை அடக்காதே என்று சொல்லிவிட்டு, அதே அதிகாரத்தில் உழைப்பின் மிகையைப் பற்றி நூல் பேசுகிறது. உடல் தரும் குறியை மதிப்பதும் உழைப்புக்கு எல்லை வகுப்பதும் அங்கே ஒரே பாடத்தின் இரு பகுதிகள்.

சுஸ்ருத சம்ஹிதை சொற்களை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. அதன் சாரீரஸ்தானம் ‘உத்கிலேசம்’ என்ற நிலைக்கு இலக்கணம் தருகிறது: உண்டது மேலெழும்பும், ஆனால் வெளியே வராது, வாயில் நீர் ஊறும், துப்பத் தோன்றும், நெஞ்சு வருந்தும். நாம் இன்று குமட்டல் என்று சொல்வது பெரும்பாலும் இதுவே. வெளியே வந்துவிட்டால் அது ‘சர்தி’. குமட்டல் வேறு, வாந்தி வேறு. அதே பகுதியில் ‘கிலமம்’ என்ற சொல்லுக்கும் விளக்கம் உண்டு: உழைப்பின்றியே உடலில் பெருகும் அயர்ச்சி, மூச்சிரைப்பு இராது, ஆனால் புலன்கள் தம் பொருளைப் பற்ற முடியாமல் தடைபடும். வேலை செய்து களைப்பது சிரமம். புலன் மழுங்கும் அயர்ச்சி கிலமம். சரகத்தின் பட்டியல் இவ்விரண்டையும் தனித்தனியே எண்ணுவது வெறும் அடுக்குமொழி அன்று.

‘சர்தி’க்குச் சுஸ்ருதம் தரும் சொற்பிறப்பும் சுவையானது. வேகத்தோடு வாயை மூடி நிறைப்பதாலும், உறுப்புகளை முறிப்பதுபோல் வருத்துவதாலும் அப்பெயர் வந்தது என்று இரண்டு வினையடிகளைச் சேர்த்து அது பொருள் சொல்கிறது. மொழியியல் இதை ஏற்காது. கக்குதல் என்ற பொருளில் தனி வினையடியே சமஸ்கிருதத்தில் இருக்கிறது. எனினும் பிழையான அந்தச் சொற்பிறப்பு, வாந்தி எடுப்பவனை அருகிலிருந்து பார்த்த ஒருவரின் வருணனையாக நிற்கிறது. வாந்திக்கான காரணங்களை அடுக்கும்போது தகாத உணவோடும் அஜீரணத்தோடும் உழைப்பின் அயர்வையும் அந்நூல் சேர்த்துக்கொள்கிறது.

அப்படியானால் எவ்வளவு உழைக்கலாம்? இதற்குச் சுஸ்ருதம் தரும் அளவுகோல் ‘பலார்த்தம்’, அதாவது அவரவர் வலிமையில் பாதி. பயிற்சி செய்பவரின் நெஞ்சிலுள்ள காற்று வாய்க்கு வந்துவிட்டால், அதாவது வாயால் மூச்சு விடத் தொடங்கிவிட்டால், பாதி வலிமை செலவாகிவிட்டது என்று பொருள். வாக்படர் பருவத்தையும் சேர்க்கிறார்: குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வலியவர்கள் பாதி வலிமை வரை பயிலலாம், பிற காலங்களில் அதனினும் குறைவே போதும். இந்த அளவுகோலில் நாழிகைக்கு இடமில்லை, தொலைவுக்கும் இடமில்லை. அளவு பயில்பவரின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. மழைக்காலப் புழுக்கத்தில் 60 நிமிடம், 10 கிலோமீட்டர் என்ற விதியை இதன் அருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். ஒன்று ஆளுக்கு ஏற்ற எல்லை. மற்றது எல்லா ஆளுக்கும் ஒரே எல்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ‘நம் முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர்’ என்று மகிழ்ந்து இப்பதிவை முடித்துவிட முடியாது. அந்நூல்களின் விளக்கம் வாதம், பித்தம், கபம் சார்ந்தது. இன்றைய உடலியங்கியல் அதை உறுதிசெய்கிறது என்பது தவறான வாசிப்பு. அதைவிட முக்கியமானது, பாதி வலிமை யாருக்குச் சொல்லப்பட்டது என்ற கேள்வி. நெய்ப்பு மிகுந்த உணவு உண்ணும் வலியவருக்கே அது உரியது என்று வாக்படர் வெளிப்படையாகச் சொல்கிறார். அங்கே பயிற்சி என்பது எண்ணெய்த் தேய்ப்பு, நீராடல் ஆகியவற்றோடு தினசரி ஒழுக்கத்தில் ஓர் உறுப்பு. ஓய்வு உள்ளவரின் தெரிவு. மூட்டை சுமப்பவரும் பல்லக்குத் தூக்குபவரும் நெஞ்சின் காற்று வாய்க்கு வந்ததும் சுமையை இறக்கிவைத்துவிட முடிந்திருக்குமா? அவர்களுடைய மூச்சிரைப்பைப் பற்றி அந்த ஒழுக்க அதிகாரங்கள் பேசவில்லை.

‘சிரமம்’ என்ற சொல்லின் பிற்கால வாழ்வும் இதையே காட்டுகிறது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசத்தில் மல்லர்களின் பயிற்சி விரிவாக வருகிறது. சுமை கொண்டு செய்வது பாரசிரமம், தூணில் ஏறிச் செய்வது ஸ்தம்பசிரமம் எனப் பயிற்சிகளே சிரமம் என்று பெயர்பெறுகின்றன. கேடுகளின் பட்டியலில் முதலில் நின்ற சொல், இங்கே பயிற்சியின் பெயராகிவிட்டது. ஆனால் அந்த மல்லர்களை அரசன் ஊட்டி வளர்த்தான். அவர்களுடைய உணவும் அரண்மனையின் பொறுப்பு. உழைப்பைக் கேட்டவன் உடலையும் காத்தான்.

இன்றைய உடலியங்கியல் சொல்வது இது. கடுமையாக ஓடும்போது இரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பிவிடப்படுகிறது. உச்ச உழைப்பில் குடல் பகுதிக்குச் செல்லும் இரத்தம் ஓய்வு நிலையின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கும் குறைந்துவிடலாம். இரைப்பை காலியாவது மந்தமாகிறது, உண்டது தங்குகிறது, குமட்டல் எழுகிறது. வெப்பமும் நீரிழப்பும் இதைக் கூட்டும். பெரும்பாலும் ஓய்வெடுத்தால் இது தானே அடங்கிவிடும். ஆனால் வாந்தியோடு மனக்குழப்பமும் தள்ளாட்டமும் சேர்ந்தால் அது வெப்பவாதமாக இருக்கலாம். தசைவலியோடு சிறுநீர் கருத்தால் தசைச் சிதைவாக இருக்கலாம். அளவுக்கு மேல் நீர் குடித்தவருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்தும் வாந்தி வரும். 2002 பாஸ்டன் மராத்தானில் ஆய்வுக்கு உட்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஆகவே ‘தண்ணீர் குடி, சரியாகிவிடும்’ என்பதும் எப்போதும் சரியான அறிவுரை அன்று. ஒரே வாந்தி, பல காரணங்கள். படிக்கத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும்.

நம் மொழிகளில் இந்தக் குறிக்கு வழங்கும் சொற்களைப் பாருங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வாந்தி, வங்காளியில் பொமி. இரண்டும் ‘வம்’ என்ற ஒரே வினையடியிலிருந்து வந்தவை. லத்தீன், கிரேக்கச் சொற்களும் இதன் உறவினரே. இந்தியில் உல்ட்டி, அதாவது தலைகீழாகப் புரள்வது. பழைய பட்டியலின் சர்தி மலையாளத்தில் அன்றாடச் சொல்லாகவும், ஈழத்தமிழில் சத்தி என்ற வடிவிலும் உயிரோடு இருக்கிறது. சொல் பிழைத்தது, மிகையுழைப்போடு அதற்கிருந்த தொடர்பு பிழைக்கவில்லை. இன்று பயிற்சிக்களத்தில் வாந்தி எடுத்தவன் ஒன்று பலவீனன் என்று எள்ளப்படுகிறான், அல்லது உண்மையாக உழைத்தவன் என்று மெச்சப்படுகிறான். அமெரிக்காவில் தோன்றிய கிராஸ்ஃபிட் பயிற்சி மரபில் வாந்தியெடுக்கும் கோமாளி ஒருவனே விளையாட்டுச் சின்னமாக உலவினான். இரண்டு தீர்ப்புகளும் ஒரே தவற்றைச் செய்கின்றன: உடல் சொன்னதைக் கேளாமல், அதை ஆளின் மனஉறுதி பற்றிய சான்றிதழாக மாற்றிவிடுகின்றன.

காவலர் தேர்வுக்கு ஓடும் இளைஞருக்கு நின்றுவிடும் தெரிவு இல்லை. நின்றால் வேலை போகும். அடுத்த அறிவிப்புக்குள் வயதுவரம்பும் கடந்துவிடலாம். அவர் தன் குமட்டலையும் மூச்சிரைப்பையும் அடக்கிக்கொண்டுதான் ஓடுவார். அடக்கக் கூடாதவற்றை அடக்கும்படி ஒரு விதியே அவரைப் பணிக்கிறது. காலை 9 மணிக்கு மேல் ஓட்டம் கூடாது என்ற ஆணை நல்லதே. அது இறப்புகளுக்குப் பின் வந்தது என்பதே துயரம். ‘பாதி வலிமை’ ஒருகாலத்தில் வசதி உள்ளவரின் உரிமையாக இருந்தது. அதை ஓடும் ஒவ்வொருவரின் உரிமையாக்குவதற்கு ஆயுர்வேதப் பெருமிதம் தேவையில்லை. களத்தில் ஒரு மருத்துவர், நிழல், பருவம் பார்த்துக் குறிக்கப்பட்ட நாள், நின்றவருக்கு மறுவாய்ப்பு ஆகியவை போதும்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் மொழியில், கடும் உழைப்பால் வரும் குமட்டலுக்கென்று தனிச்சொல் வழங்குகிறதா? வயலிலும் சுமைதூக்கும் இடத்திலும் வழங்கும் சொற்களைக் குறிப்பாகக் கேட்கிறேன். நூல்கள் எழுதாமல் விட்டதை அச்சொற்கள் வைத்திருக்கக்கூடும்.