எல்லாப் பிள்ளைகளும் தாய்மொழி பேசுகிறார்களே! சுசுகியின் வயலின் வகுப்பு



வயலின் என்றதும் நாம் என்ன சொல்வோம்? "அதெல்லாம் வரம் வாங்கி வந்த பிள்ளைங்களுக்குத்தான்" என்று ஒதுங்கிவிடுவோம். நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலும் பலர் இப்படித்தான் நினைத்தார்கள். ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், தனிப்பாடம். கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கே அது கிடைத்தது.

இந்த வழக்கத்தைப் பெரிய அளவில் அசைத்தது ஒரு வியாபாரம் என்றால் நம்புவீர்களா? 1890களின் கடைசியில் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில், ஒரு தேவாலயப் பள்ளியில் வயலின் குழு வகுப்பு தொடங்கியது. மர்டோக் என்ற இசைக்கருவி நிறுவனம் மலிவான வயலின்களைத் தவணை முறையில் கொடுத்தது. வகுப்பு நாடெங்கும் பரவியது. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்து வாசித்தார்கள். இதைப் பார்த்துப் போன ஆல்பர்ட் மிட்செல் 1911இல் அமெரிக்காவின் பாஸ்டன் பள்ளிகளில் இதே முறையைத் தொடங்கினார். முதல் உலகப்போர் வந்தது. இங்கிலாந்தில் அந்த அலை அடங்கிப்போனது.

இப்போது ஜப்பானுக்கு வாருங்கள். நம்ம வேலைக்கு அதிகம் பயன்படும் கதை அங்கேதான் இருக்கிறது.

ஷினிச்சி சுசுகி 1898இல் நகோயாவில் பிறந்தவர். அப்பா வயலின் தொழிற்சாலை நடத்தினார். மகனோ பதின்ம வயதின் இறுதியில்தான் வாசிக்கத் தொடங்கினார். பெர்லினில் சில ஆண்டுகள் பயின்று, 1928இல் நாடு திரும்பினார். அதன்பின் ஒரு நாள், தோஷியா எத்தோ என்ற நான்கு வயதுப் பையனை அவனுடைய அப்பா கூட்டி வந்தார். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? சுசுகி திகைத்தார். யோசித்தபோது ஓர் எளிய உண்மை அவருக்கு உறைத்தது: ஜப்பானியப் பிள்ளைகள் எல்லாரும் ஜப்பானிய மொழி பேசுகிறார்களே! ஒருவரைக்கூட "மொழித் திறமை இல்லாதவன்" என்று யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லையே!

இதுதான் பின்னர் "தாய்மொழி முறை" எனப்பட்டது. மாணவர்களே, கட்டுரை எழுதும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்: எண்ணம் பிறந்தது 1930களின் தொடக்கத்தில், அது மாட்சுமோட்டோ நகரில் பள்ளியாக வளரத் தொடங்கியது 1946இல். இடையில் ஒரு போர்.

வகுப்பு எப்படி நடந்தது? குழந்தை வில்லைத் தொடுமுன் இசைத்தட்டில் அதே பாட்டைத் தினமும் கேட்கும். அம்மா முதலில் கற்றுக்கொள்வார். அவர் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து, "எனக்கும் வேணும்" என்று பிள்ளையே கேட்கும்வரை காத்திருப்பார்கள். கற்ற பாட்டை மறப்பதற்கில்லை. புதுச் சொல் வந்ததும் பழைய சொல்லை நாம் தூக்கிப்போடுகிறோமா என்ன? இசைக்குறிப்பு வாசிப்பு பிறகுதான், பேச்சுக்குப் பின் எழுத்து வருவதுபோல.

எல்லா நிலை மாணவரையும் ஒரே மேடையில் நிற்க வைத்ததும் இந்தப் பழக்கம்தான். கடினமான பாட்டை மூத்தவர்கள் தொடங்குவார்கள். பாட்டு எளிதாக எளிதாக இளையவர்கள் வந்து சேர்வார்கள். 1955இல் டோக்கியோவில் ஏறத்தாழ 1,200 பிள்ளைகள் இப்படி ஒன்றாக வாசித்தார்கள். அந்த நிகழ்ச்சியின் படச்சுருள் 1958இல் அமெரிக்காவின் ஓபர்லினில் திரையிடப்பட்டது. 1964இல் பத்துப் பிள்ளைகள் நேரிலேயே போய்ப் பிலடெல்பியாவில் இசை ஆசிரியர்கள் முன் வாசித்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. காதால் கற்ற சிலர் இசைக்குழுவில் உட்கார்ந்ததும் குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தடுமாறினார்கள் என்ற விமர்சனம் இன்றும் உண்டு. அது நியாயமானதே, இசைக்குழுவில் தாள் மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்கப் பள்ளிகளுக்கு வேறொரு சிக்கல்: அம்மாவை வகுப்புக்கு வரச்சொல்ல முடியாது. இலினாய் பல்கலைக்கழகத்தில் பால் ரோலண்ட் 1966 முதல் நடத்திய ஆய்வு, பள்ளி வகுப்பிலேயே பிள்ளையின் உடல் அசைவைத் தளர்வாக்கிக் கற்பிக்கும் வழியைத் தேடியது.

என்னைக் கேட்டால், சுசுகியின் உவமையில் நமக்குத்தான் ஒரு முள் இருக்கிறது. வீட்டில் காதில் விழுந்தால்தான் தாய்மொழி வரும் என்று அவர் எடுத்துக்கொண்டார். நம் வகுப்பில், வீட்டில் தமிழ் கேட்காமலே வந்து உட்காரும் பிள்ளைக்கு அந்த இசைத்தட்டு யார்? அடுத்த பணிமனையில் இதைப் பேசலாமா, ஆசிரியர்களே?

தோஷியா எத்தோ என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அந்த நான்கு வயதுப் பையன் பின்னர் அமெரிக்காவின் கர்ட்டிஸ் இசைக்கல்லூரியில் வயலின் ஆசிரியராக இருந்தார்.