இரு மரங்கள்

தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டே உள்ளுறை பிறக்கும் என்றது தொல்காப்பியம். மரமும் அக்கருப்பொருள்களுள் ஒன்று. படைப்பின் மையக் கருத்தையும் இன்று அதே சொல்லால் வழங்குகின்றனர்.

1915இல் விவேகபோதினியில் வெளிவந்த வ. வே. சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்', ருக்மிணியின் துயரை மரத்தின் வாயாலேயே உரைத்தது. தாகூரின் படித்துறைக் கதையின் சாயல் அதில் உண்டென்பர், அது கிடக்க. அரசமரம் காண்கிறது, இரங்குகிறது, சொல்கிறது. அதற்கென ஒரு கேடு கதையில் இல்லை. வேறொருவர் சொல்லியிருப்பினும் ருக்மிணியின் முடிவு மாறியிராது.

1966இல் நூலான சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் மரம் வாய் திறப்பதேயில்லை. சூழ்ந்திருந்த குளம் மறைகிறது, கடைகள் பெருகுகின்றன, வணிகமும் தேர்தலும் ஊரை இரண்டாக்குகின்றன. இருவகைக் கருப்பொருளும் அங்கே ஒன்றாகிவிட்டன. மனிதர் போட்டியில் நஞ்சூட்டப்பட்டு, நின்ற நிலையிலேயே பட்டுப்போகிறது புளியமரம்.