எல்லையின் இருபுறமும்: தென் பிரான்சில் புதர் நீக்கும் கடமை, 1827–2023

ஐரோப்பியக் காட்டுத்தீ வரலாற்றில் ஸ்டீபன் பைனின் 'வெஸ்டல் ஃபயர்' (1997) இன்றும் தவிர்க்க முடியாத நூல். நெருப்பை ஒழுங்கீனமாகக் கண்ட வேளாண் அறிஞர்களும் வன அதிகாரிகளும் ஒரு பக்கம். நெருப்பை வைத்துப் பிழைத்த குடியானவர்களும் இடையர்களும் மறு பக்கம் என்பது அவர் வரையும் சித்திரம். 1827ஆம் ஆண்டின் பிரெஞ்சு வனச் சட்டம், 148ஆம் பிரிவு, அவருக்கே சாட்சி சொல்கிறது. காட்டுக்குள்ளும் காட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ளும் நெருப்பைக் கொண்டுசெல்லவோ மூட்டவோ கூடாது என்றது அது. அங்கே காடு வாதி, கிராமம் பிரதிவாதி.

இதுவரை எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதே சித்திரத்துக்குள் வைத்தால், புதரை வெட்டச் சொன்ன சட்டங்களும் அதிகாரியின் கை நீண்டதற்கு இன்னொரு சான்றாகவே தோன்றும். அவற்றின் வாசகம் அதற்கு இடம் தரவில்லை.

மோர், எஸ்தெரெல் மலைப்பகுதிக்கென 1893 ஆகஸ்ட் 19இல் வந்த சட்டத்தைப் பார்ப்போம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நில உரிமையாளரே நெருப்பு மூட்டக் கூடாது என்ற பகுதி பைனுக்கு உவப்பானது. அதிகம் கவனிக்கப்படாதது தடுப்பு வெளி பற்றிய பிரிவு. புதர் முழுதும் நீக்கப்படாத காட்டை வைத்திருப்பவரை, அதே வகை நிலமுள்ள பக்கத்து நிலக்காரர் கட்டாயப்படுத்தலாம். இருவர் எல்லையிலும் 20 முதல் 50 மீட்டர் அகலத்துக்குப் புதரற்ற வெளி வேண்டும். அகலத்தில் பாதி அவர் நிலத்தில், பாதி இவர் நிலத்தில். கோரிக்கையைத் தொடங்குபவர் வன அதிகாரி அல்ல, அண்டை நிலக்காரர். வீடு என்ற பேச்சே அங்கில்லை. காக்கப்படுவது காடு, குறிப்பாகத் தக்கை ஓக். பட்டையை உரித்தால் மறு உரிப்புக்குப் பத்தாண்டு அளவில் காத்திருக்க வேண்டிய மரம் அது. ஒரு தீ போதும், அத்தனை ஆண்டு வருமானமும் போய்விடும்.

இன்றைய கடமையோ தலைகீழ். காட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டியவர் சுற்றிலும் 50 மீட்டர் புதர் நீக்க வேண்டும். மேயர் அதை 100 ஆக்கலாம். அந்த 50 மீட்டர் அடுத்தவர் நிலத்துக்குள் நீண்டாலும் வேலையும் செலவும் வீட்டுக்காரருடையவை. பாதிப் பாதி என்ற 1893இன் நியாயம் இங்கே மறைந்துவிட்டது. (இதனால் எழும் அண்டைவீட்டுச் சண்டைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை.) 2023 ஜூலைச் சட்டம் இக்கடமையை மேலும் இறுக்கியது.

200 என்ற எண் தற்செயல் அல்ல என்பேன். நெருப்புக்குத் தடையாக வரையப்பட்ட வளையமே பின்னாளில் புதர் நீக்கும் வளையமாகியிருக்க வேண்டும். சட்டம் எழுதுவோர் கைக்கெட்டிய அளவை விட்டுப் புதிதாக ஒன்றைத் தேடுவது அரிது. 50 பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 1893இல் அது உச்சவரம்பு மட்டுமே.

திருப்பம் எப்போது? 82 பேரைப் பலிகொண்ட 1949 ஆகஸ்ட் லாந்துத் தீயைச் சுட்டத் தோன்றும். ஆனால் அது அட்லாண்டிக் கரைப் பைன் காடு. இறந்தோரில் பெரும்பாலோர் தீயணைக்கச் சென்றவர்கள். வீட்டைச் சுற்றிய கடமைக்கு அதை மூலமாக்குவது பொருந்தவில்லை. பயிரும் மேய்ச்சலும் குறைந்து புதர் ஏறிய சரிவுகளில் வீடுகள் பெருகிய காலம், அதாவது காட்டுத்தீத் தடுப்புக்கென வந்த 1966, 1992 சட்டங்களுக்கு இடைப்பட்ட காலம் என்றே வைக்க முடிகிறது. அதைவிடக் குறுக்கச் சான்று போதாது.

ஸ்டீபன் பைன் தரப்பில் ஒரு பதில் உண்டு: வீட்டுக்காரர் வெட்டாவிட்டால் மேயரே ஆள்வைத்து வெட்டிச் செலவை அவரிடம் வசூலிக்கலாம், ஆக, அதிகாரி வந்துவிட்டார். உண்மைதான். ஆனால் இம்முறை அவர் முன் நிற்பவர் இடையர் அல்ல, சரிவில் வீடு கட்டியவர்.