இல்லாத கூட்டத்துக்கு எழுதின இதழ்: குயர் பங்கின் கதை

1985 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் ஒரு சின்ன இதழ் வெளிவந்தது. அச்சகத்தில் அடிச்சதில்லை. படங்களையும் எழுத்தையும் வெட்டி ஒட்டி, போட்டோக்கொப்பி எடுத்து, பின் அடிச்சு, தபாலில் அனுப்பின இதழ். பெயர் ஜே.டி.ஸ். அதைக் கையில் எடுத்த எவருக்கும் ரொறன்ரோவில் பெரிய ஒரு குயர் பங்க் இயக்கம் நடக்குது எண்டுதான் தோன்றும். கும்பல் கும்பலாகப் பெடியங்கள், பெட்டையள், பாண்டுகள், பார்ட்டிகள், சண்டைகள். உண்மையில் அப்படி ஒரு இயக்கம் இருக்கவில்லை. இருந்தது ஜி.பி. ஜோன்ஸ், புரூஸ் லாபுரூஸ், அவர்களோட ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய சில நண்பர்கள்.

கொஞ்ச வருடங்களில் அந்தப் பொய் உண்மையாகிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில், சிக்காகோவில், ஒலிம்பியாவில் பாண்டுகள் முளைத்தன. "குயர்கோர்" எண்டு ஒரு பெயரும் நிலைத்தது. ஒரு கூட்டம் உருவாக முதலே அந்தக் கூட்டத்துக்கு இதழ் நடத்தினால் என்ன நடக்கும் எண்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தொடக்கத்திலேயே இருந்தவர்கள்

பங்க் 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் எழுந்த இசை. வேகம், சத்தம், மூன்று கோர்ட். வாசிக்கப் பழகிப்போட்டுத்தான் மேடை ஏறவேணும் எண்ட கட்டாயம் இல்லை. இப்ப பங்க் எண்டவுடன் நினைவுக்கு வாறது கோபக்கார வெள்ளைப் பெடியங்கள்தான். ஆனால் அந்தச் சொல்லின்ர கதையைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் 'பங்க்' எண்டால் பாலியல் தொழில் செய்யிற பெண். பிறகு அமெரிக்கச் சிறைகளில், மற்ற ஆண்களின் பாலியல் ஆதிக்கத்துக்குக் கீழே இருந்த இளைஞனுக்கு அந்தப் பெயர். பால்நிலையில் 'கீழான' இடத்தில் இருந்தவர்களை ஏச வைத்த சொல்லை ஒரு இசை தன் பெயராக எடுத்துக்கொண்டது.

ஆக்களும் அங்க இருந்தார்கள். ஜேன் கவுண்டி 1947 இல் ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். நியூயோர்க் வந்து, 1969 இல் ஸ்டோன்வோல் கலவரத்தைக் கண்டவர். பெண் உடையில், தடித்த ஒப்பனையில், வெயின் கவுண்டி எண்ட பெயரில் பாடினார். 1976 இல் சிபிஜிபி கிளப்பில் இன்னொரு பாண்டின் பாடகர் மேடைக்குக் கிட்ட வந்து அவரைக் கேலி செய்ய, மைக் ஸ்டாண்டால் அடித்தார். அந்தாளின் காறை எலும்பு முறிந்தது. நியூயோர்க் பங்க் உலகமே ரெண்டாகப் பிரிந்து நிண்டது. 1979 அளவில் ஜேன் எண்ட பெயரோட, தான் பெண் எண்டு வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு மேடை ஏறினார். ரொக் இசையில் அப்படிச் சொன்ன முதல் ஆளாக அவரைத்தான் பலரும் குறிப்பிடுவார்கள்.

இங்கிலாந்தில் பஸ்கொக்ஸ் குழுவின் பீற் ஷெல்லி இருபாலீர்ப்புடையவர். காதல் பாட்டை அவர் 'நீ' எண்டு முன்னிலையில் எழுதுவார். 'நீ'க்கு ஆங்கிலத்திலயும் பால் இல்லை, தமிழிலயும் இல்லை. கேட்கிறவர் தன் காதலை அதுக்குள்ள வைத்துக்கொள்ளலாம். ரொம் ரொபின்சன் அப்படி மறைக்கவில்லை. தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிற இடங்களைப் பொலிஸ் எப்படித் தேடித்தேடிப் பிடிக்குது எண்டு நேரடியாகவே பாடினார். அது 1978 இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் 1967 இலேயே சட்டம் ஓரளவு தளர்த்தப்பட்டிருந்தது, ஆனால் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு, அதுவும் தனிப்பட்ட இடத்தில் மட்டும். அதே பிரித்தானியர் 1883 இல் எங்கட நாட்டுக்கு எழுதித்தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு, 1995 இல் பெண்களையும் உள்ளடக்கி இன்னும் அகலமாக்கப்பட்டது. ஆகவே ரொபின்சன் பாடின பயம் எங்களுக்குப் புதுசில்லை.

கதவு சாத்தின எண்பதுகள்

1980களில் அமெரிக்க பங்க் 'ஹார்ட்கோர்' ஆக மாறியது. இன்னும் வேகம், இன்னும் ஆவேசம். மேடைக்கு முன்னால ஒருவரை ஒருவர் இடிச்சுத் தள்ளுற பெடியங்களின்ர இடமாக அது சுருங்கியது. பெண்கள் பின்சுவரோரம் போனார்கள். விதிவிலக்குகள் இருந்தன. ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரினில் டிக்ஸ் குழுவின் கெரி ஃபுளோயிட், பிக் போய்ஸ் குழுவின் பிஸ்கற் ரேணர், ரெண்டு பேரும் தாங்கள் தன்பாலீர்ப்பாளர் எண்டதை மறைக்காமல் பாடினார்கள். ஆனால் பொதுவாக அந்த உலகத்தில் 'பொண்ணையன்' எண்டது சாதாரண வசவு.

வெளியிலயும் காலம் கொடுமையாக இருந்தது. 1981 இல் எயிட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை வந்தது. நண்பர்கள் செத்துக்கொண்டிருக்க, அரசாங்கம் வாய் திறக்கவில்லை. இன்னொரு பக்கம், நகரங்களின் தன்பாலீர்ப்பாளர் கிளப்புகளில் டிஸ்கோ, நல்ல உடுப்பு, கட்டுமஸ்தான உடம்பு. காசில்லாத, கிழிஞ்ச டெனிம் போட்ட, சத்தமான இசை பிடிச்ச ஒரு பெட்டைக்கோ பெடியனுக்கோ ரெண்டு இடத்திலயும் இடமில்லை. ஜே.டி.ஸ் இதழ் பிறந்தது இந்த ரெண்டு சாத்தின கதவுகளுக்கும் நடுவில்.

ரொறன்ரோவில் ஒரு போட்டோக்கொப்பி மெஷின்

எங்களில் பலருக்கு ரொறன்ரோ எண்டால் மாமாவும் சித்தியும் இருக்கிற ஊர். ஜே.டி.ஸ் வந்த அதே எண்பதுகளில்தான் எங்கட ஆக்களும் அங்க போய் இறங்கத் தொடங்கினார்கள். அந்த ஊரில் ஃபிஃப்த் கொலம் எண்டு பெண்கள் நடத்தின ஒரு பங்க் பாண்ட் இருந்தது. அதில் வாசித்தவர் ஜி.பி. ஜோன்ஸ். அவர் ஓவியரும் கூட. ரொம் ஒஃப் ஃபின்லாந்து எண்ட ஓவியர் கட்டுமஸ்தான ஆண்களை, பொலிஸ்காரரை எல்லாம் ஆசையோட வரைவார். ஜோன்ஸ் அதே பாணியை எடுத்து, ஆண்கள் நிண்ட இடத்தில் தோல் ஜக்கெற் போட்ட பெண்களை வரைந்தார். அந்தப் பெண்கள் பொலிஸைக் கட்டிப்போட்டார்கள்.

ஜோன்ஸும் லாபுரூஸும் எட்டு இதழ்கள் வெளியிட்டார்கள். 1991 வரைக்கும் வந்தது. கதைகள், படங்கள், வதந்திகள், 'ஹோமோகோர்' பாட்டுகளின் தரவரிசை, கடைசியில் ஒரு கசற்றும் வந்தது. தரவரிசை போடுற அளவுக்குப் பாண்டுகள் இருக்கோ எண்டு ஆரும் கேட்கவில்லை. தூரத்து ஊரில் தனியாக இருந்த ஒரு பதினெட்டு வயது ஆளுக்கு அது ஆதாரம் மாதிரி இருந்தது: அங்க ஒரு இடத்தில் இது நடக்குது, இங்கயும் நடக்கலாம்.

1988 இல் ரொறன்ரோவில் நடந்த ஒரு அராஜகவாதிகள் ஒன்றுகூடலுக்கு சான் பிரான்சிஸ்கோவில் இருந்து வந்த ரொம் ஜெனிங்ஸ் இவர்களைச் சந்தித்தார். திரும்பிப் போய் டீக் நைஹில்சனோட சேர்ந்து ஹோமோகோர் எண்ட இதழைத் தொடங்கினார். ஜெனிங்ஸ் ஆர் தெரியுமோ? இணையம் பொதுமக்களிடம் வர முதலே, 1984 இல், வீட்டுக் கணினிகளைத் தொலைபேசி வழியாக இணைத்த ஃபிடோநெற் வலையமைப்பை உருவாக்கினவர். தூரத்தில் தனித்தனியாக இருக்கிற ஆக்களை எப்படிக் கோர்க்கிறது எண்டது அவருக்குத் தெரிந்த வேலை. இதழின் முக்கியமான பகுதி வாசகர் கடிதங்கள். எழுதினவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெயரில் இசை நிகழ்ச்சிகளும் நடந்தன. ஃபுகாசி மாதிரி ஓரளவு அறியப்பட்ட பாண்டுகளும் அதில் வாசித்தன.

'ஹோமோகோர்' எண்ட சொல் பிறகு 'குயர்கோர்' ஆனது. முதல் சொல்லுக்குள் ஆண்-ஆண், பெண்-பெண் காதல் மட்டும்தான் அடங்கும். பால்நிலையையே கேள்வி கேட்கிற ஆக்களும் உள்ளே வர வேண்டியிருந்தது.

மேடைக்கு வந்தபோது

1991 இல் ஜொன் ஜினோலியும் கிறிஸ் ஃபிறீமனும் சான் பிரான்சிஸ்கோவில் பான்சி டிவிஷன் குழுவைத் தொடங்கினார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலானோர் தன்பாலீர்ப்பு ஆண்கள். பாட்டுகள் முழுக்கச் சிரிப்பும் செக்ஸும். 1994 இல், டூக்கி அல்பத்தால் உலகப் புகழ் அடைந்துகொண்டிருந்த கிறீன் டே குழு, இவர்களைத் தங்கட சுற்றுப்பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடப் பெடியங்களுக்கு முன்னால பான்சி டிவிஷன் பாடியது. கூவினார்கள், சாமான்களால் எறிந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் வாய் திறக்காமல் நிண்டு கேட்ட சிலருக்கு, தங்களைப் பற்றிய பாட்டை முதல்தரம் கேட்ட நாள் அதுவாக இருந்திருக்கும்.

பசுபிக் கரையோரத்தில் ரீம் ட்ரெஷ் இன்னொரு வழியில் போனது. டொனா ட்ரெஷ், ஜோடி பிளெய்ல், காயா வில்சன் எண்ட பெண்கள் முன்நிண்ட லெஸ்பியன் பாண்ட். பெரிய கம்பனிக்குக் காத்திருக்கவில்லை. ட்ரெஷ் செயின்சோ எண்ட லேபிளையும், பிளெய்ல் கெண்டி-ஆஸ் எண்ட லேபிளையும் நடத்தினார்கள். முதல் அல்பமான பேர்சனல் பெஸ்ற் 1995 இல் ரெண்டு லேபிளும் சேர்ந்து வெளியிட்டது. கச்சேரிகளில் தற்பாதுகாப்புப் பயிற்சியும் செய்து காட்டினார்கள். கச்சேரி முடிய இரவில் வீட்டுக்கு நடந்து போகவேண்டிய பெட்டையளுக்கு அது அலங்கார அரசியல் இல்லை.

உள்ளே ஆர், வெளியே ஆர்?

எல்லாம் இனிப்பாகச் சொல்லி முடிக்க ஏலாது. ஒதுக்கப்பட்ட ஆக்களின் கூட்டமும் ஒதுக்கும். மிச்சிகனில் வருடாவருடம் நடந்த பெண்கள் இசைவிழா, பிறப்பில் பெண்ணாகப் பதியப்பட்டவர்களுக்கு மட்டும் எண்ட கொள்கையோட இருந்தது. 1991 இல் ஒரு திருநங்கை அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். குயர் பங்க் பாண்டான ட்ரைப் 8 அங்க 1994 இல் வாசித்தபோது, இவர்களின் பாட்டு வன்முறை எண்டு சொல்லி விழாவுக்கு வந்த பெண்களே பதாகை பிடித்தார்கள். திருநங்கைகள் பற்றிய வாதம் அந்த விழா 2015 இல் நிற்கும் வரைக்கும் தீரவில்லை.

நிறமும் ஒரு கேள்வி. குயர்கோர் படங்களைப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளை முகங்கள். லொஸ் ஏஞ்சல்ஸின் வஜினல் டேவிஸ், கறுப்பினப் போராளி அஞ்சலா டேவிஸின் பெயரிலிருந்து தன் பெயரை எடுத்தவர். இதழ், பாண்ட், நாடகம் எண்டு எல்லாம் செய்தவர். வெள்ளைத் தன்பாலீர்ப்பாளரின் 'நல்ல ரசனையை' மேடையில் வைத்தே கிழித்தார். சிக்காகோவில் உருகுவேயில் பிறந்த மார்ட்டின் சொறொண்டேகி, லொஸ் குருடோஸ் குழுவில் ஸ்பானிய மொழியில் பாடினார். ஆங்கிலப் பங்க் உலகத்துக்கு நடுவில், குடியேறிகளின் மொழியில். பிறகு லிம்ப் றிஸ்ற் எண்ட குயர் ஹார்ட்கோர் பாண்டையும் தொடங்கினார். தாய்மொழியில் கத்துறது எண்டால் என்ன எண்டது அவருக்கு நல்லாத் தெரியும்.

பெயரை மாற்றின பிறகு

ஃபுளொரிடாவின் எகெய்ன்ஸ்ற் மீ! குழுவின் பாடகர் 2012 இல், தான் ஒரு பெண், இனி லோரா ஜேன் கிறேஸ் எண்டு அறிவித்தார். ஆச்சரியம் என்னெண்டால் 2007 இலேயே ஒரு பாட்டில் அந்த லோரா எண்ட பெயர் இருந்தது. பெரும்பாலான ரசிகர்கள் அதைக் கற்பனை எண்டு கடந்து போய்விட்டார்கள். 2014 இல் வந்த ட்ரான்ஸ்ஜெண்டர் டிஸ்ஃபோரியா புளூஸ் அல்பத்தில் கற்பனை எண்டு சொல்ல இடம் வைக்கவில்லை. வட கரோலினா மாநிலம் திருநர் எந்தக் கழிப்பறைக்குப் போகவேணும் எண்டு சட்டம் போட்டபோது, 2016 இல் அங்கயே மேடையில் நிண்டு தன் பிறப்புச் சான்றிதழை எரித்தார்.

அதே 2016 ஜூன் 12 இல் ஒர்லாண்டோவின் பல்ஸ் கிளப்பில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள் ஒலிம்பியாவின் குளொஸ் எண்ட பாண்ட் ஐந்து பாட்டுகளை வெளியிட்டது. தலைப்பு ட்ரான்ஸ் டே ஒஃப் ரிவெஞ்ச். மொத்தம் ஏழு நிமிடத்துக்குக் கிட்ட. திருநங்கைகள் முன்நிண்ட அந்தப் பாண்டுக்கு எபிராஃப் நிறுவனம் 50,000 டொலர் ஒப்பந்தம் தர வந்தது. அந்த நிறுவனத்தின்ர விநியோகம் ஒரு பெரிய கம்பனியின் கையில் எண்டு சொல்லி மறுத்துவிட்டார்கள். சில மாதங்களில், களைத்துப்போய், பாண்டையே கலைத்தார்கள். ரெண்டு சின்ன வெளியீடுகளோட சரி. ஆனால் அவர்களுக்குப் பிறகு வந்த பாண்டுகள் அந்த ஏழு நிமிடத்தில் இருந்து தொடங்கின.

இந்தக் கதை முழுக்க ஒரு விசயம் திரும்பத் திரும்ப வருகுது. ஆரும் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. வாசகர் இருக்கினமோ எண்டு எண்ணிப் பார்த்துப்போட்டு ஜோன்ஸ் இதழ் அடிக்கவில்லை. லேபிள் கிடைக்கட்டும் எண்டு ட்ரெஷ் இருக்கவில்லை. எங்கட ஊர்களில் இதைப் பற்றிப் பேர் போட்டு எழுதவே பயப்பட வேண்டிய சட்டமும் சனமும் இருக்கு. அந்தப் பயத்தை ஆரும் லேசாக எடுக்கக்கூடாது. ஜே.டி.ஸ் இதழிலும் புனைபெயர்கள் இருந்தன. புனைபெயரில் எழுதினாலும், இன்னொரு ஊரில் தனியாக இருக்கிற ஒருவர் அதை வாசிக்கலாம்.

கேட்கத் தொடங்க விரும்பினால்: முதல் பேர்சனல் பெஸ்ற், பிறகு ட்ரான்ஸ்ஜெண்டர் டிஸ்ஃபோரியா புளூஸ், பிறகு அந்த ஏழு நிமிடம். வரலாற்றைப் படமாகப் பார்க்க 2017 இல் யோனி லெய்சர் எடுத்த குயர்கோர் ஆவணப்படம் இருக்கு. வீட்டில ஆக்கள் இருந்தால் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொள்ளுங்கள்.